ஒட்டகப் படைகளின் தொப்பிச் சின்னங்கள்: மெய்ம்மை காணும் நெறி

போர்க்களத்தில் தம்மவரையும் மாற்றாரையும் பிரித்தறியும் பொருட்டு வீரர் தலையில் அடையாளம் சூடுதல் தமிழர்க்குப் புதியதன்று. சேரர் போந்தையும், பாண்டியர் வேம்பும், சோழர் ஆரும் சூடிய செய்தியைத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறுகின்றது. இன்ன வேந்தன் படை இஃது எனத் தெரிதல் வேண்டியே அப்பூக்கள் சூடப்பட்டன என்பதும் அந்நூலால் பெறப்படும். பூ அன்றே வாடிவிடும். ஆதலின் அதனைத் தொகுத்து வைப்பாரும் இல்லை. போலி செய்து விற்பாரும் இல்லை. இக்காலப் படைஞர் தொப்பியில் அணியும் சின்னமும் அப்பூவின் பணியையே செய்கின்றது. ஆனால் அஃது உலோகத்தால் ஆயது, வாடாதது. வாடாமையின், படை கலைந்த பின்னரும் கைமாறுகின்றது. கைமாறும்போது விலை பெறுகின்றது. விலை பெற்ற அளவிலே போலியும் பிறக்கின்றது.

உலகப் போர்களில் பணியாற்றிய ஒட்டகப் படைகளின் சின்னங்கள் தொகுப்போரால் மிகவும் விரும்பப்படுவன. அப்படைகள் சிலவே, அவற்றுட் பல நெடுங்காலம் நிலைத்தனவும் அல்ல. அருமை மிகுதலின் ஐயமும் மிகுகின்றது. அவ்வையத்தை நீக்கும் நெறி யாது என்பதனைத் திண்டுக்கல் வட்டாரத்தில் கண்ட ஒரு சின்னத்தை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்கு வாயில்

திண்டுக்கல் நகருக்கு மேற்கே, பழனி மலைத்தொடரை நோக்கிப் பரந்து கிடக்கும் சமவெளியில் ஒரு சிற்றூர். அவ்வூரில் ஒரு வீட்டின் கூடத்தில் முன்னோர் ஒருவரின் நிழற்படம் கண்ணாடிச் சட்டத்துள் தொங்குகின்றது. படம் மங்கிவிட்டது. தலைப்பாகையும் காக்கிச் சட்டையும் மட்டுமே தெளிவாகப் புலனாகின்றன. படத்தின் கீழே, சட்டத்தின் உள்ளே, ஒட்டகத்தின்மீது வீரன் அமர்ந்த உருவம் கொண்ட பித்தளைச் சின்னம் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. ‘எங்கள் பாட்டனார் முதல் உலகப் போரில் எகிப்து நாட்டில் ஒட்டகப் படையில் இருந்தவர், அதற்கு இதுவே சான்று’ என்று அவ்வீட்டார் கூறினர். அதனை எழுத்தில் ஏற்றி உலகறியச் செய்யவேண்டும் என்பது அவர்கள் விருப்பம். விருப்பம் நன்று; ஆயின் எழுத்தில் ஏற்றுமுன் சான்றினை ஆராய்தல் எழுதுவோன் கடமையன்றோ?

படைகளின் வரலாறு

சின்னத்தை ஆராய்வோன் முதற்கண் படையை ஆராய்தல் வேண்டும். படை இருந்த காலம், அதன் பெயர், அதிற் சேர்ந்தோர் யாவர் என்பனவற்றை அறியாமல் உலோகத்தை மட்டும் உற்றுநோக்குதலாற் பயனில்லை.

இந்திய நாட்டு ஒட்டகப் படைகளுள் தலையாயது பிகானேர் அரசின் ‘கங்கா ரிசாலா’ ஆகும். 1889-ஆம் ஆண்டு தோன்றிய இப்படை, மகாராசா கங்கா சிங்கின் பெயரால் வழங்கியது. 1900-இல் சீனத்திற்கும், அதன்பின் சோமாலிலாந்திற்கும், முதல் உலகப் போரில் எகிப்திற்கும் சென்றது. 1914 நவம்பரில் சூயசுக் கால்வாய்க்குக் கிழக்கே சினாய்ப் பாலையில் காவற் சுற்றில் இருந்த அதன் சிறு பிரிவு, தன்னினும் பன்மடங்கு பெரிய பகைக்கூட்டத்தை எதிர்த்துப் பொருதது. விடுதலைக்குப் பின் 1951-இல் இப்படை செய்சல்மேர்ப் படையுடன் இணைந்து, கிரனேடியர்சுப் படைப்பிரிவின் 13-ஆம் பட்டாளமாயிற்று. 1965-ஆம் ஆண்டுப் போரிலும் பணியாற்றியது. பெயர் மாறுந்தோறும் சின்னத்தின் எழுத்தும் மாறுமாகலின், சின்னத்தில் உள்ள பெயர் அதற்குச் சொல்லப்படும் ஆண்டிற்குப் பொருந்துகின்றதா என்பதே முதல் வினாவாகும்.

மற்றொன்று ‘இம்பீரியல் கேமல் கோர்’ எனப்பட்ட பேரரசு ஒட்டகப் படை. கலிபோலியினின்று மீண்ட ஆத்திரேலிய வீரரைக் கொண்டு 1916 சனவரியில் இஃது எகிப்தில் தொடங்கப்பட்டது. பின்னர் நான்கு பட்டாளங்களாக வளர்ந்தது. முதலும் மூன்றும் ஆத்திரேலியர்க்கும், இரண்டாவது பிரிட்டானியர்க்கும் உரியன. நான்காவதில் ஆத்திரேலியரும் நியூசிலாந்தினரும் கலந்திருந்தனர். இப்படைக்குத் துணையாக நின்ற பீரங்கி அணி ஆங்காங்கு–சிங்கப்பூர் மலைப்பீரங்கி அணியாகும். அதன் பீரங்கியாளர் பெரும்பாலும் பஞ்சாபியரான சீக்கியர். மக்தாபா, ரபா, காசா, அம்மான் ஆகிய களங்களில் இப்படை போரிட்டது. 1918-இன் நடுவில் ஆத்திரேலியப் பட்டாளங்கள் ஒட்டகத்தை விட்டுக் குதிரைக்கு மாறி, 14, 15-ஆம் இலகு குதிரைப் படைகளாயின. எஞ்சியோரும் 1919-இல் கலைக்கப்பட்டனர். இப்படையில் உயிர்நீத்தோர் 346 பேர். அவர்கள் நினைவாக இலண்டன் மாநகரில் தேம்சு ஆற்றங்கரைப் பூங்காவில் 1921-இல் சிறிய சிலையொன்று நிறுவப்பட்டது.

இவற்றொடு, 1914 முதல் 1944 வரை நிலவிய சோமாலிலாந்து ஒட்டகப் படையையும், இந்தியத் தரைப்படையின் போக்குவரத்துப் பிரிவைச் சார்ந்த ஒட்டகக் குழுக்களையும் எண்ணுதல் தகும்.

இவ்வரலாற்றினின்று ஓர் உண்மை பெறப்படும். பேரரசு ஒட்டகப் படை பல நாட்டினின்றும் பல அணியினின்றும் திரட்டப்பட்டு, மூன்றரை ஆண்டிற்கும் குறைவாகவே நிலைத்தது. ஆத்திரேலியன் தன் நாட்டுப் படைக்குப் பொதுவான ‘எழுஞாயிறு’ சின்னத்தோடு வந்தான். பிரிட்டானியன் தன் பழைய அணியின் சின்னத்தோடு வந்தான். ஆகவே ஒட்டக உருவம் இருப்பதொன்றே ஒரு சின்னம் ஒட்டகப் படையினது என்பதற்குச் சான்றாகாது. அவ்வுருவம் இல்லாமையும் அன்று என்பதற்குச் சான்றாகாது. ஒட்டக வீரன் ஒருவன் உண்மையில் அணிந்த சின்னத்தில் ஒட்டகமே இல்லாதிருத்தல் கூடும்.

உலோகம் கூறும் சான்று

அடுத்து நோக்கத்தக்கது செய்முறை. பிரிட்டானியப் படைகட்குரிய சின்னங்கள் பெரும்பாலும் பர்மிங்காம் நகரப் பட்டறைகளில் எஃகு அச்சினால் தகட்டில் அழுத்தி அடிக்கப்பட்டவை. அவற்றின் முகத்தில் எழுந்து தோன்றும் உருவம் முதுகில் குழிந்து தோன்றும். எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். முதுகில் இரண்டு காதுகளோ, தொப்பியில் செருகும் நீண்ட தகடொன்றோ பற்றவைக்கப்பட்டிருக்கும். சின்னத்தில் முடியுருவம் இருப்பின் அதுவும் காலங்காட்டும். 1901 முதல் 1952 வரை மன்னர் இருந்த காலத்து முடியின் வடிவம் வேறு. அதன்பின் எலிசபெத் அரசியார் காலத்தில் வந்த முடியின் வடிவம் வேறு. 1916-ஆம் ஆண்டின் சின்னம் என்று விற்கப்படுவதில் அரசியார் முடி காணப்படின், அதற்குமேல் ஆராய வேண்டுவதில்லை. இருவகை உலோகத்தாற் செய்யப்பட்டுவந்த சின்னங்கள் பல 1916-இல் சிக்கனங் கருதிப் பித்தளை ஒன்றினாலேயே செய்யப்பட்டன என்பதும், இரண்டாம் உலகப் போரில் பிளாசுடிக்குச் சின்னங்களும் வழங்கப்பட்டன என்பதும் அறியத்தக்கன.

இத்தகைய உலோகச் சான்றினை ஆய்தற்குத் திண்டுக்கல்லைவிடத் தக்க ஊர் அரிது. பூட்டுக்குப் பெயர்போன ஊர் அது. 2019-ஆம் ஆண்டு திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கையால் அரம் போட்டு நெம்புகோல்களை இழைத்து, சாவிக்கும் பூட்டுக்கும் மயிரிழை வேறுபாடும் இன்றிப் பொருத்தும் தொழிலாளர் அங்கு உளர். வெளியூர் எந்திரப் பட்டறைகளினின்று மலிவாக வந்து குவியும் பூட்டுகளோடு போராடி வாழும் அவர்களுக்கு, மெய்ப்பொருளுக்கும் அதன் சாயலுக்கும் உள்ள வேறுபாட்டை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

சிற்றூரில் கண்ட சின்னத்தை வீட்டார் இசைவுடன் நாகல் நகரில் முதிய பூட்டுத் தொழிலாளி ஒருவரிடம் காட்டினோம். அவர் அதனைக் கையில் ஏந்தி எடை பார்த்தார்; முதுகைத் திருப்பினார்; நகத்தால் எழுத்தின் விளிம்பை வருடினார். அதன் முதுகு குழியாது தட்டையாக இருந்தது. மணற் பருக்கைகளின் தடமும் தெரிந்தது. எழுத்துகள் மழுங்கியிருந்தன. ஆயினும் அம்மழுக்கம் தேய்மானத்தால் வந்ததன்று. தேய்மானம் மேட்டை உண்ணுமேயன்றிப் பள்ளத்தை உண்ணாது. ஈண்டோ பள்ளமும் மழுங்கியிருந்தது. பித்தளையை வார்த்தால் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு முதல் இரண்டு பங்கு வரை சுருங்கும் என்றும், ஒரு சின்னத்தையே மண்ணிற் பதித்து வார்த்திருந்தால் படி மூலத்தினும் சிறிதாகவே இருக்கும் என்றும் அவர் விளக்கினார். இறுதியாக அவர் கூறியது நினைவிற் கொள்ளத்தக்கது: ‘வார்ப்பு என்று சொல்லுவேன் ஐயா, எப்போது வார்த்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.’

கரடும் செம்மையும்

அம்முதியவரின் அடக்கம் ஆராய்ச்சியாளர்க்கும் வேண்டும். வார்ப்பெல்லாம் போலி என்று துணிதல் எளிது. ஆனால் அது பிழை. போர்க்காலத்தில் எகிப்திலும் இந்தியாவிலும் தங்கிய படைஞர், தாயகத்தினின்று சின்னம் வந்து சேராத நிலையில், கடைவீதிக் கன்னாரிடம் மண் அச்சில் வார்த்து வாங்கி அணிந்ததும் உண்டு. அவை கரடுமுரடானவை, ஆயினும் மெய்யானவை, வீரன் தலையில் வெயில் பட்டவை. மறுதலையாக, பழைய எஃகு அச்சு பட்டறையில் எஞ்சியிருந்து, பிற்காலத்தில் தொகுப்போர்க்கென அதே அச்சினால் அடிக்கப்பட்டவையும் உண்டு. அவை கூர்மையும் அளவும் பொருந்தியவை. ஆயினும் எப்படையும் அணியாதவை. எனவே கரடானது மெய்யாகலாம், செம்மையானது போலியாகலாம்.

இந்நிலை தமிழ்ச் சுவடி ஆராய்ச்சி வல்லார்க்கு நன்கு தெரிந்ததே. சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பதிப்புப் பணியில் இறங்கிய காலத்தில் ஏடுகள் பிழை மலிந்து கிடந்தன. ஏடெழுதுவோர் பொருள் விளங்காத சொல்லைக் கண்டவிடத்து விளங்கும் சொல்லாக மாற்றிவிடுதல் உண்டு. அவ்வாறு மாற்றப்பட்ட பாடம் படிக்க இனிதாயினும் பழமையுடையதாகாது; விளங்காத பாடமே பல இடங்களில் மூலமாக நிற்கும்.

ஒட்டகத்தையே இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தமிழ்நாட்டுச் சமவெளிக்கு உரியதன்று அவ்விலங்கு. எனினும் தொல்காப்பிய மரபியல் அதன் இளமைப்பெயரையும் பெண்பாற்பெயரையும் வகுத்துரைக்கின்றது. சிறுபாணாற்றுப்படை துயிலும் ஒட்டகத்தை உவமையாக்குகின்றது. அகநானூற்றின் 245-ஆம் பாட்டோ, பாலை நிலத்து ஒட்டகம் உலர்ந்த எலும்பைத் தின்று பசி தணிவதாகக் காட்டுகின்றது. முள்ளும் தழையும் மேயும் விலங்கு எலும்பு தின்னுமோ என்று ஐயுற்று ஒருவர் அப்பாடத்தைத் திருத்தியிருப்பின், அத்திருத்தம் அறிவுடையதாகவே தோன்றியிருக்கும். ஆனால் உப்பும் சுண்ணச் சத்தும் குன்றிய நிலத்தில் ஒட்டகம் எலும்பை மெல்லுதல் கண்கூடான செய்தி. நம்பத்தகாததாகத் தோன்றிய கரட்டுப் பாடமே மெய்யாயிற்று.

செப்பேட்டு ஆராய்ச்சியும் இதனையே வலியுறுத்தும். பிளீட்டு என்னும் கல்வெட்டறிஞர் 1901-இல் இந்தியப் போலிச் சாசனங்களைத் தொகுத்து ஆராய்ந்தார். அரசன் பெயர் மெய்யாக இருந்தும், எழுத்து பிற்காலத்தது. நாளும் கோளும் பொருந்தா. இத்தகைய முரண்களால் போலி வெளிப்பட்டது. ஒரு சான்று தனித்து நின்று தீர்ப்பளித்தல் அரிது. பல சான்றுகள் ஒன்றையொன்று தழுவும்போதே துணிபு பிறக்கும்.

கிடைத்த இடத்தின் பெருமை

பெயர், காலம், செய்முறை, உலோகம் ஆகிய நான்கும் ஆராயப்பட்ட பின்னரும் ஐயம் எஞ்சுமாயின், தீர்க்கவல்லது ஐந்தாவது சான்றாகும். அது பொருள் எங்கிருந்து, எவர் கைவழியே வந்தது என்னும் வரலாறு. அதன் ஆற்றலை அறியத் திண்டுக்கல் மாவட்டத்தைக் கடந்து செல்ல வேண்டுவதில்லை. பழனிக்கு அருகே உள்ள பொருந்தலில் 2009, 2010-ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் கா. இராசன் தலைமையில் அகழாய்வு நடைபெற்றது. ஈமக்குழி ஒன்றில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த மட்கலத் தாங்கியும், நெல் நிறைந்த கலமும் உடன் கிடைத்தன. அந்நெல்லைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியபோது கி.மு. 490 அளவிலான காலம் பெறப்பட்டது. எழுத்தின் காலம் பற்றி அறிஞரிடையே வாதம் நிகழ்கின்றது, நிகழட்டும். ஆனால் வாதம் நிகழ்தற்கே இடந்தந்தது, எழுத்தும் நெல்லும் ஒரே குழியில் காணப்பட்டன என்னும் பதிவு. அத்தாங்கியைப் பழம்பொருள் விற்போர் எவரேனும் முன்னரே எடுத்துச் சென்றிருப்பின், அது கடைத்தட்டில் அழகிய மட்பொருளாக இருந்திருக்கும், வரலாறாக இருந்திராது.

தொப்பிச் சின்னமும் அவ்வாறே. வீரனின் பணிச்சான்றோடும், பதக்கத்தோடும், மடலோடும் ஒரே பெட்டியில் இருந்த சின்னம் பேசும். அவற்றினின்று பிரித்துத் தனியே விற்கப்பட்ட சின்னம் ஊமையாகும். விற்போன் சொல்வதையே அது சொல்லும்.

சிற்றூர்ச் சின்னத்தின் முடிபு

இக்கருத்தோடு மீண்டும் அவ்வீட்டிற்குச் சென்றோம். சின்னம் சட்டத்துள் எப்போது வந்தது என்று வினவினோம். இளையோர்க்குத் தெரியவில்லை, அவர்கள் அறிந்த நாள்முதல் அஃது அங்கேயே இருந்தது. வீட்டின் மூத்த அம்மையார் சிறிது நேரம் எண்ணிப்பார்த்துக் கூறினார். அவர் மணமாகி வந்தபோது படம் மட்டுமே இருந்ததாம். சின்னத்தை அவர் கணவர் பிற்காலத்தில் பெங்களூரில் ஒரு பழம்பொருட் கடையில் வாங்கிவந்து, படம் வெறுமையாகத் தோன்றுகிறதே என்று சட்டத்துள் வைத்தாராம். வைத்தவர் எவரையும் ஏமாற்ற எண்ணியவர் அல்லர். அழகிற்காக வைத்தது, ஒரு தலைமுறை கழிந்தபின் சான்றாகிவிட்டது.

பின்னர் அவ்வம்மையார் உள்ளே சென்று தகரப் பெட்டி ஒன்றைக் கொணர்ந்தார். நிலப்பத்திரங்களின் அடியில், மடிப்புத்தோறும் கிழிந்த தாளொன்று இருந்தது. அது படைவிடுப்புச் சான்று. அதில் கண்ட படை ஒட்டகப் படையன்று. சாப்பர்சு அண்டு மைனர்சு என்னும் சென்னைப் பொறியியற் படை. கண்ட நாடும் எகிப்தன்று, மெசபொத்தாமியா. முதல் உலகப் போரில் அந்நாட்டு ஆறுகளின் மீது பாலம் சமைத்தும், பாதை வகுத்தும், பகைவர் குண்டுமழையில் படகு செலுத்தியும் உழைத்த பொறியியற் படையினருள் தமிழர் பலர் இருந்தனர். அவர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகக் குறைவு. அவருள் ஒருவரின் மெய் வரலாறு பெட்டியின் அடியில் கிடக்க, அவருக்குரியதல்லாத ஒட்டகம் கூடத்துச் சுவரில் வீற்றிருந்தது.

போலிச் சின்னத்தால் விளையும் தீங்கு யாது என்று வினவுவோர்க்கு இதுவே விடையாகும். காசு கொடுத்தவன் ஏமாறுதல் சிறிய இழப்பு. பொய்யான பெருமை மெய்யான பெருமையின் இடத்தைக் கவர்ந்துகொள்ளுதலே பேரிழப்பு. கண்ணைக் கவரும் பாலைவனக் கதைகளால் ஒட்டகப் படையின் பெயர் ஓங்கி நிற்கின்றது. அப்பெயரின் நிழலில் கங்கா ரிசாலாவின் வீரரும், ஆங்காங்கு–சிங்கப்பூர் அணியின் சீக்கியப் பீரங்கியாளரும் மறைந்து நிற்பர். பாலம் சமைத்த தமிழரோ அந்நிழலிலும் இடம்பெறுவதில்லை.

அச்சின்னம் போலி என்று துணிந்து கூறவும் நம்மிடம் சான்றில்லை. அது போர்க்காலக் கடைவீதி வார்ப்பாகவும் இருக்கலாம். பிற்காலத்துப் படியாகவும் இருக்கலாம். துணியக்கூடியது ஒன்றே: அப்பெரியவர்க்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘மெய்’ என்றும் ‘பொய்’ என்றும் கூறுதற்கு இடையே ‘துணியப்படவில்லை’ என்னும் மூன்றாம் தீர்ப்பு ஒன்று உண்டு. தொகுப்போரும் விற்போரும் அதனை விரும்புவதில்லை. ஆராய்வோர் அதனைக் கூற அஞ்சுதல் கூடாது.

பழம்பொருள் தொகுப்போர் ஒவ்வொரு பொருளுக்கும், அதனை எங்கே, எப்போது, எவரிடம் பெற்றனர் என்பதையும், உடன் கிடைத்தவை எவை என்பதையும் ஒரு சிறு தாளில் எழுதி வைப்பராயின், அத்தாள் பொருளினும் விலை மிக்கதாகும். நம் ஊர்களில் படைஞர் வழிவந்த குடும்பங்கள் பல உள. அவர்தம் பெட்டிகளில் உள்ள தாள்கள் செல்லுக்கு இரையாகுமுன் படியெடுக்கப்படுதல் வேண்டும். தமிழ்த்துறை மாணவர் இப்பணியை மேற்கொள்ளின், ஏட்டுச்சுவடி தேடியவர் காட்டிய வழியில் நடந்தவராவர்.

சிற்றூர் வீட்டில் இப்பொழுது படத்தின் கீழே படைவிடுப்புத் தாள் கண்ணாடிக்குள் இருக்கின்றது. ஒட்டகச் சின்னத்தை எறிந்துவிட அவர்கள் எண்ணினர், வேண்டா என்றோம். அது வேறொரு பேழையில் வைக்கப்பட்டுள்ளது. அதனோடு உள்ள சீட்டில் அவ்வீட்டுச் சிறுமி தன் கையால் எழுதியுள்ளாள்: ‘பித்தளை வார்ப்பு. காலம் துணியப்படவில்லை. தாத்தா பெங்களூரில் வாங்கியது.’